மருந்தை மறந்தவர்: எச்.ஐ.வி. தொற்றும் அறிதிறன் குறைபாடும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. தொற்று உடையவர்களுக்குக் கூட்டு மருந்து அளிக்கும் நிலையம் 'உஷஸ்' என்னும் பெயரால் வழங்குகிறது. இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் நடைபெறும் நிலையங்களுக்குக் கேரளத்தில் 'ஜ்யோதிஸ்' என்று பெயர். தமிழ்நாட்டில் இவையே 'நம்பிக்கை மையம்' எனப்படுகின்றன. விடியல், ஒளி, நம்பிக்கை என்று பொருள்படும் இப்பெயர்களில் நோயின் பெயர் எங்கும் இடம்பெறவில்லை. வாசலில் வரிசையில் நிற்பவருக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை அங்குப் பணிபுரிவோர் நன்கு அறிவர்.

இந்நிலையங்களில் நடைபெறும் வேலைகளுள் மாத்திரை எண்ணுவதும் ஒன்றாகும். மாதந்தோறுமோ, உடல்நிலை சீராக இருப்பின் சில மாதங்களுக்கு ஒருமுறையோ வரும் நோயாளி, தம்மிடம் எஞ்சியுள்ள மாத்திரைகளையும் கொண்டுவர வேண்டும். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட மிகுதியாக மாத்திரைகள் எஞ்சியிருந்தால், சில நாட்கள் மருந்து உண்ணப்படவில்லை என்பது தெளிவு. ஏன் உண்ணவில்லை என்று ஆலோசகர் கேட்பார். வெளியூர் சென்றிருந்தேன் என்பார் ஒருவர். வீட்டில் விருந்தினர் இருந்தமையால் அவர்கள் முன்னிலையில் உண்ண முடியவில்லை என்பார் வேறொருவர். மறந்துவிட்டேன் என்பவரோ அநேகர். முதல் இரண்டு பதில்களுக்கும் ஆலோசகர் வழி கூறுவார். மூன்றாவது பதிலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அறிவுரையே. 'இனி மறக்காதீர்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மறதி என்பது குணத்தில் உள்ள குறையா, மூளையில் உள்ள குறையா என்னும் வினா அவ்விடத்தில் எழுவதில்லை. அவ்வினாவைப் பற்றியதே இக்கட்டுரை.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பத்தெட்டு வயதுள்ள வாகன ஓட்டுநர் ஒருவர் பத்து ஆண்டுகளாக மருந்து உண்டு வருகிறார். அவருடைய இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துள்ளது. சென்ற ஓராண்டாக அவர் பேச்சு சற்றுத் தாமதமாக வருகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். ஆனால் சிறிது நேரம் கழித்துச் சொல்கிறார். வழக்கமாகச் செல்லும் சாலையில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுகிறார். சில்லறை எண்ணுவதற்கு முன்னைவிட அதிக நேரம் ஆகிறது. முன்பு ஊர்த் திருவிழாக்களில் முன்னின்றவர் இப்போது திண்ணையைவிட்டு எழுவதில்லை. வீட்டார் இதைக் கவலை என்கின்றனர். முதலாளி சோம்பல் என்கிறார். மருத்துவப் பணியாளர் குடிப்பழக்கமாக இருக்கலாம் என்று ஐயுறுகிறார். இவர்களுள் எவர் கூறுவதும் முழுத் தவறு என்று சொல்ல இயலாது. ஆயினும் இத்தகைய அறிகுறிகள் ஒருங்கே தோன்றும்போது, எச்.ஐ.வி. தொற்றினால் உண்டாகும் அறிதிறன் குறைபாட்டையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அறிதிறன் என்பதை விளக்கிவிடுதல் நலம். கவனித்தல், நினைவிற் கொள்ளுதல், திட்டமிடுதல், சொல்லைத் தேடி எடுத்தல், கண்ணால் கண்டதற்கேற்பக் கையை விரைந்து இயக்குதல் ஆகிய மூளையின் தொழில்கள் அனைத்தையும் குறிக்கும் சொல் இது. இக்குறைபாடு முற்றித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலை ஏற்படும்போது அதனை மறதி நோய் என்கிறோம். மலையாளத்தில் அதற்கு 'மேதாக்ஷயம்' என்று அழகிய பெயர் உண்டு. மேதை தேய்கிறது என்பது பொருள். நம் சொல்லைவிட அது பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். ஏனெனில் எச்.ஐ.வி. தொற்றினால் வரும் குறைபாட்டில் மறதி முதன்மையானதன்று, மந்தமே முதன்மையானது.

இதற்குக் காரணம் கிருமி மூளையில் தங்கும் இடத்திலும் அது வேலை செய்யும் விதத்திலும் இருக்கிறது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே எச்.ஐ.வி. மூளையை அடைந்துவிடுகிறது. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இயற்கை ஒரு தடுப்பை அமைத்துள்ளது. அத்தடுப்பைக் கடக்கும் உரிமை பெற்ற சில வெள்ளணுக்களின் உள்ளே மறைந்து இக்கிருமி செல்கிறது. உள்ளே சென்றதும் மூளையின் காவலணுக்களான நுண்கிளியா அணுக்களில் குடியேறுகிறது. வியக்கத்தக்க செய்தி என்னவெனில், சிந்தனைக்குக் காரணமான நரம்பணுக்களை இது தொற்றுவதில்லை. தொற்றுக்குள்ளான காவலணுக்கள் வெளியிடும் நச்சுப் பொருள்களும், 'டாட்' முதலிய கிருமிப் புரதங்களும், இடைவிடாத அழற்சியும் சேர்ந்து அண்டையிலுள்ள நரம்பணுக்களை நலியச் செய்கின்றன. இந்நலிவு மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளிலும், பகுதிக்குப் பகுதி செய்தி கொண்டுசெல்லும் வெண்பொருளிலும் மிகுதி. ஆகவே செய்தி அழிந்துபோவதைவிடச் செய்தி செல்லும் வேகம் குறைவதே முதலில் தெரிகிறது. முதுமையில் வரும் அல்ஷைமர் நோயில் பேரன் பெயர் மறந்துபோகும். இதிலோ பேரன் பெயர் நினைவிருக்கும். அதைச் சொல்ல நேரமாகும்.

எய்ட்ஸ் நோயாளிகளிடம் காணப்படும் இந்நிலையை நியூயார்க்கைச் சேர்ந்த நேவியா, பிரைஸ் முதலிய மருத்துவர்கள் 1986-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். அதே ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளிலிருந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளது என்னும் உண்மை முதன்முதலாக வெளிப்பட்டது. அக்காலத்தில் தக்க மருந்து இல்லை. மறதி நோய் கண்ட எய்ட்ஸ் நோயாளி சில மாதங்களில் இறந்துபோவது வழக்கமாயிருந்தது. 1996-ஆம் ஆண்டையொட்டிக் கூட்டு மருந்துச் சிகிச்சை மேனாடுகளில் பரவிய பின் நிலைமை மாறியது. நம் நாட்டில் சர்க்கார் இம்மருந்தை 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இலவசமாக அளிக்கத் தொடங்கியது. இன்று பலருக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை நாளொன்றுக்கு ஒருமுறை போதும்.

மருந்து வந்ததால் மூளைக் குறைபாடு ஒழிந்ததா எனில், கடுமையானது பெரும்பாலும் ஒழிந்தது, இலேசானது தங்கிவிட்டது. அமெரிக்காவில் 1,555 தொற்றாளர்களைச் சோதித்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், மறதி நோய் எனத்தக்க கடுமையான நிலை 2 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. அன்றாட வேலைக்குச் சற்று இடையூறான நிலை 12 சதவீதத்தினரிடம் இருந்தது. சோதனையில் மட்டும் தெரிந்து வாழ்க்கையில் தெரியாத நிலையோ 33 சதவீதத்தினரிடம் இருந்தது. இக்கடைசி எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சோதனையில் மதிப்பெண் குறைந்தவரெல்லாம் நோயாளர் என்று கொள்வது பொருந்தாது எனப் பல நாட்டு வல்லுநர்கள் 2023-இல் கூடி எடுத்த முடிவு எடுத்துரைக்கிறது. பள்ளிப் படிப்புக் குறைந்தவர், வறுமையில் வளர்ந்தவர், தேர்வு என்றாலே நடுங்குபவர் ஆகியோர் இத்தகைய சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெறுவதுண்டு. ஆசிரியர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டு நிலைமை சிறிது வேறானது. உலகில் பரவியுள்ள எச்.ஐ.வி. பல உட்பிரிவுகளை உடையது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 'பி' பிரிவு மிகுதி. இந்தியாவில் 'சி' பிரிவே பெரும்பான்மை. பெங்களூரில் தொண்ணூறுகளில் கண்ட நோயாளிகளிடம் காசநோய்க் கிருமியாலும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையாலும் வந்த மூளையுறை அழற்சிகளே மிகுதியாக இருந்தன. மறதி நோய் அரிதாகவே காணப்பட்டது. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவும் அவருடன் பணிபுரிந்தோரும் 2004-இல் இதற்கொரு விளக்கம் தந்தனர். 'டாட்' புரதத்தின் 31-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாக, இந்தியக் கிருமிகளில் பெரும்பாலும் செரீன் இருக்கிறது. இம்மாற்றத்தால் வெள்ளணுக்களை ஈர்க்கும் ஆற்றல் அப்புரதத்திற்குக் குறைகிறது. ஒரே ஓர் எழுத்து மாறியதால் வாக்கியத்தின் பொருளே மாறியதைப் போன்றது இது.

இவ்விளக்கம் மனத்திற்கு இனியது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 'நம் மக்களுக்கு இக்குறைபாடு வாராது' என்று மருத்துவப் பணியாளர் இருந்துவிடலாகாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் மருந்து தொடங்காத, வெளிப்பார்வைக்கு நலமாக இருந்த தென்னிந்தியத் தொற்றாளர் நூற்றுக்கு மேற்பட்டோரை நுணுக்கமாகச் சோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். மறதி நோய் எனத்தக்க கடுமை எவரிடமும் இல்லை. ஆயினும் பாதிக்கு மேற்பட்டோரிடம் இலேசான அல்லது நடுத்தரமான குறைபாடு இருந்தது. தேடாதவரை இல்லை, தேடியபோது இருந்தது.

கேரளத்தில் தொற்றுப் பரவல் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. இது பெருமைக்குரியது. எனினும் இதனால் ஒரு விளைவும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரோ ஆஷா பணியாளரோ ஆண்டு முழுவதிலும் தொற்றாளர் ஒருவரையோ இருவரையோதான் காண்பர். அவர்களுக்கு இத்துறையில் பழக்கம் உண்டாக வழியில்லை. நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவர்களுக்கோ பழக்கம் உண்டு, நேரம் இல்லை. அவர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டியவை இருமல், காய்ச்சல், எடை, மாத்திரைக் கணக்கு என்று ஏற்கனவே நீண்டவை. மூளையைப் பற்றிய வினா அப்பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகிறது. மனநலப் பிரிவினரோ இது கிருமியைச் சேர்ந்தது என்பர்; கிருமிப் பிரிவினர் இது மனத்தைச் சேர்ந்தது என்பர். இரு அறைகளுக்கும் இடையேயுள்ள தாழ்வாரத்தில் நோயாளி அமர்ந்திருப்பார்.

இத்தனைக்கும் மறதி நோயைப் பற்றிய பொது அறிவு கேரளத்தில் பிற இடங்களைவிட முன்பே வேரூன்றியது. அல்ஷைமர் நோயாளர்களுக்கான அகில இந்தியச் சங்கம் 1992-இல் திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில்தான் தோன்றியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் மதுரநாத்தும் அவர் குழுவினரும் ஆங்கிலச் சோதனைகளை மலையாளிகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தனர். எத்தனை ஆண்டு படித்தவருக்கு எத்தனை மதிப்பெண் இயல்பானது என்பதையும் கணக்கிட்டு வெளியிட்டனர். அப்பணி முதியோரை நோக்கியது. ஆயினும் மொழியையும் கல்வியையும் பொருட்படுத்தாத சோதனை பயனற்றது என்னும் அதன் பாடம் இங்கும் பொருந்தும்.

இனிக் களப்பணியாளர் கையாளத்தக்க ஒரு சோதனையைக் காண்போம். சாக்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் உகாண்டா நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட அளவுகோல் இது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் ஒன்று போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதலில் நான்கு சொற்களைக் கூறி, நோயாளியை அவற்றைத் திருப்பிச் சொல்லுமாறு செய்ய வேண்டும். பின்பு வழக்கமாகப் பயன்படுத்தாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இயன்றவரை அகலமாகவும் விரைவாகவும் விரித்துச் சேர்க்கச் சொல்லி, 5 வினாடியில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். 15 முறை செய்தால் முழு மதிப்பெண் 4. அடுத்து அதே கையை மேசைமீது முட்டியாக வைத்தல், உள்ளங்கை படிய வைத்தல், சுண்டுவிரல் பக்கமாக நிறுத்தி வைத்தல் என்னும் மூன்று நிலைகளையும் வரிசை பிறழாமல் செய்யச் சொல்ல வேண்டும். 10 வினாடியில் நான்கு சுற்று முடித்தால் மதிப்பெண் 4. கடைசியில் முன்பு கூறிய நான்கு சொற்களையும் கேட்க வேண்டும். தானாகச் சொன்ன சொல்லுக்கு 1. குறிப்புக் கொடுத்த பின் சொன்னதற்கு அரை. மொத்தம் 12. பத்தும் அதற்குக் கீழும் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

அச்சொற்கள் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்பன. இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தொப்பிக்குரிய குறிப்பு 'உடை' என்பதாகும். நெய்யாற்றின்கரை வயலில் வேலை செய்யும் ஒருவரிடம் உடை என்றால் வேட்டியும் துண்டும் நினைவுக்கு வரும், தொப்பி வருமா? வாராது போனால் அது மூளையின் குறையன்று, சொல்லைத் தேர்ந்தவரின் குறை. சொற்களை நேருக்கு நேர் பெயர்த்தால் மட்டும் சோதனை பெயர்ந்துவிடாது. அவற்றை நம் ஊர் மக்களிடம், தொற்று இல்லாதவரிடமும், சோதித்துப் பார்த்தே வழங்க வேண்டும்.

இவ்வளவுகோலின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த முதல் ஆராய்ச்சியிலேயே, மறதி நோய் உள்ளவருள் 100-க்கு 80 பேரை இது சரியாகக் காட்டியது. நோய் இல்லாதவருள் 100-க்கு 45 பேரளவில் ஐயத்திற்கு உள்ளாக்கவும் செய்தது. இலேசான குறைபாட்டில் இதன் திறன் மேலும் குறைவு. எனவே இது சல்லடையே தவிரத் தராசன்று. இதன் மதிப்பெண்ணைக் கொண்டு எவரையும் மறதி நோயாளர் என்று அட்டையில் எழுதிவிடலாகாது.

சல்லடையில் தங்கியவரிடம் பிற காரணங்களை முதலில் தேட வேண்டும். மனச்சோர்வு இதே உருவில் வரும், மதுவும் அப்படியே. தைராய்டு சுரப்பின் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மேகநோய்க் கிருமி மூளையை அடைந்த நிலை ஆகியவை மருந்தால் திருத்தத்தக்கவை. முன்பு பலர் உண்டுவந்த எபாவிரென்ஸ் என்னும் மருந்து தலைச்சுற்றலும் கெட்ட கனவுகளும் தருவதுண்டு. தலைவலி, காய்ச்சல், வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி, சில நாட்களுக்குள் ஏற்பட்ட குழப்பம் ஆகியவற்றுள் எது இருப்பினும் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அது மூளையுறைக் காசநோயாகவோ டாக்ஸோபிளாஸ்மா கட்டியாகவோ இருக்கக்கூடும். அரிதாகச் சிலருக்கு இரத்தத்தில் கிருமி அடங்கியிருக்க, மூளைத் தண்டுவட நீரில் மட்டும் அடங்காதிருத்தலும் உண்டு.

கேரளத்தில் மற்றொன்றையும் மறக்கலாகாது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இம்மாநிலத்தில் மிகுதி. நல்ல மருந்தின் பயனாகத் தொற்றாளர்கள் ஐம்பதையும் அறுபதையும் தாண்டி வாழ்கின்றனர். மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் மந்தம் இவர்களிடம் கிருமியால் வரும் மந்தத்தோடு கலந்து நிற்கும். சர்க்கரையையும் அழுத்தத்தையும் கவனியாமல் கிருமியை மட்டும் கவனிப்பது பாதி வைத்தியமேயாகும்.

குறைபாடு உண்டென்று தெரிந்தால் அதற்கெனத் தனி மருந்து இல்லை. கூட்டு மருந்தைத் தவறாது உண்பதே சிகிச்சை. தவறாது உண்ண முடியாமையே நோயின் அறிகுறியாக இருப்பதுதான் இதிலுள்ள சங்கடம். ஆகவே மறதிக்கு ஏற்பாடு செய்துதர வேண்டும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி, கைபேசியில் மணி, மாலை விளக்கேற்றுதல் போன்ற நாள்தோறும் தவறாத ஒரு செயலோடு மாத்திரையை இணைத்தல் ஆகியவை பயன் தரும். பேசும்போது ஒரு வேளையில் ஒரு செய்தியையே கூறி, அதை நோயாளி வாயால் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். ஆலோசகர் பத்து அறிவுரைகளை ஒரே மூச்சில் சொன்னால், நலமாக உள்ளவருக்கே நான்குதான் எஞ்சும். வீட்டில் நம்பத்தக்க ஒருவர் நினைவூட்டினால் எல்லாவற்றினும் நன்று. ஆனால் அவ்வொருவரிடம் செய்தியைச் சொல்லும் உரிமை நோயாளிக்கே உண்டு. 2017-ஆம் ஆண்டில் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், தொற்றாளரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. அறிதிறன் சற்றுக் குறைந்தவர் என்பதால் அவர் இசைவு தேவையற்றதாகிவிடாது. மெதுவாக விளக்கி, விளங்கியதா என்று அறிந்து பெற வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

ஆசிரியர்கள் இதனை வேறு பக்கத்திலிருந்து காண்பர். பிறப்பிலேயே தொற்றுப் பெற்ற குழந்தைகள் மருந்தின் துணையால் வளர்ந்து பள்ளிக்கு வருகின்றனர். அவர்களுள் சிலருக்குக் கவனக் குறைவும் கணக்கில் மந்தமும் இருக்கலாம். ஆனால் மந்தமாக உள்ள மாணவனைக் கண்டு தொற்று உண்டோ என்று துருவுவது பெருந்தீங்கு. அக்குழந்தையின் இரத்தத்தில் என்ன உள்ளது என்று அறியாமலே அவனுக்குக் கூடுதல் நேரம் தரலாம், முன் வரிசையில் இருத்தலாம், வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தரலாம். 2003-இல் கொல்லம் மாவட்டத்தில் தொற்றுள்ள இரு அநாதைக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள எதிர்ப்பு எழுந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அக்காலத்து மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அக்குழந்தைகளைப் பலர் காண அணைத்துக்கொண்டார்.

இறுதியாகத் திருவனந்தபுரத்திற்கே உரிய ஒரு செய்தி. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதிகள் இந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்தன. இன்றும் பாறசாலைக்கு இருபுறமும் உள்ளோர் எல்லையைப் பாராமல் வைத்தியத்திற்கு வந்து போகின்றனர். கரமனையிலும் சாலையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக உள்ளன. அவர்கள் கடைத்தெருவில் மலையாளம் பேசுவர். கனவு காண்பது தமிழில். இத்தகையவர் ஒருவரிடம் மலையாளத்தில் நான்கு சொற்களைச் சொல்லிக் கேட்டு, இரண்டு மறந்தார் என்று முடிவு கட்டுவது சரியாகாது. அவருக்கு எம்மொழி எளிது என்பதை முதலில் கேட்டறிந்து அம்மொழியிலேயே சோதிக்க வேண்டும். நோயாளியின் பச்சைப் புத்தகத்தில் மதிப்பெண்ணைக் குறிக்கும்போது, எம்மொழியில் சோதித்தோம், அவர் எத்தனை ஆண்டு பள்ளியில் படித்தவர் என்னும் இரண்டையும் பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை அவர் ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குச் சென்றாலும் அங்குள்ளவர்க்கு அவ்வெண்ணின் பொருள் விளங்கும்.